வேட்பாளரின் படமும் இணையத்தளமும்: கொட்டாஞ்சேனையில் ஓர் அனுபவம்

2025 பெப்ரவரி மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை காலை, பத்தாம் தரத்தில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவொன்றின் சார்பில் கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள ஒரு வட்டாரத்தில் போட்டியிடப் போவதாகவும், அதற்கு ஒரு சிறிய இணையத்தளம் வேண்டும் என்றும், படம் ஏற்கெனவே கையில் இருப்பதால் அதற்குச் செலவில்லை என்றும் சொன்னார். நான் பன்னிரண்டு ஆண்டுகள் கொழும்பு 13இல் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்தவன். பல கட்சிகளின் துண்டுப்பிரசுரங்கள் என் கையால் அச்சுக்குப் போயிருக்கின்றன. ஆயினும் ஒரு வேட்பாளரின் பக்கத்தில் அமர்ந்து, எந்தப் படம், எந்த வடிவம் என்று தெரிவுசெய்யும் பொறுப்பு அதுவரை என்னிடம் வந்ததில்லை. அந்தப் பத்து வாரங்களில் நாங்கள் எங்கே தவறினோம், எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதை, இனி இவ்வேலையை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பென் டிரைவில் இருந்த படம் 2023ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வாண்டு ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டதும், மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த வாக்களிப்பு நடைபெறாமலே போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வேட்புமனுக்கள் பின்னர் சட்டத்தினால் இரத்தாகி, 2025 மார்ச்சில் புதிதாகக் கோரப்பட்டன. டீச்சர் 2023இலும் மனுத் தாக்கல் செய்திருந்தார். அப்போது ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் அது. பின்னணியில் வானத்தையும் மேகத்தையும் ஒட்டியிருந்தார்கள். நெற்றிச் சுருக்கம், கழுத்தின் மடிப்பு, இடது கன்னத்து மச்சம் எல்லாம் துடைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, டீச்சரின் மாநிறம் இரண்டு மூன்று படிகள் வெளுக்கப்பட்டிருந்தது. அவர் அப்படிச் செய்யும்படி கேட்கவில்லை. ஸ்டூடியோக்காரரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கலியாணப் படமென்றாலும் அடையாள அட்டைப் படமென்றாலும் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பதே நல்ல வேலை என்று நம் ஊர் ஸ்டூடியோக்கள் பல காலமாக நம்பி வருகின்றன. வாடிக்கையாளர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

அந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்று நான் முதலில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செலவு மிச்சம் என்றுதான் எனக்கும் பட்டது. மார்ச் முதல் வாரத்தில், 2023இல் அச்சிட்டு மீந்துபோன அறிமுகத் தாள்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, டீச்சரும் நானும் அவருடைய தங்கையின் மகளும் ஒரு தொடர்மாடிக்குப் போனோம். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்த முதிய அம்மா ஒருவர் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, எதிரே நின்ற எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு டீச்சரிடமே படத்தைக் காட்டி, "இவங்க வரலையா?" என்று கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே தன்னை அறிமுகம் செய்தார். அந்த அம்மாவும் அன்பாகத்தான் பேசினார். ஆனால் படியிறங்கும்போது டீச்சர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, "மகன், புதுசா ஒரு படம் எடுப்பம்" என்றார். அதன்பிறகு நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அந்த அம்மாவின் கேள்வியே அளவுகோலாக இருந்தது.

மாநகர சபைத் தேர்தலில் இக்கேள்விக்கு இருக்கும் கனதி, வாக்குச்சீட்டின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி இட்டபின் மூன்று வேட்பாளர்களுக்கு விருப்பு இலக்கங்களில் அடையாளமிடலாம். ஆகவே அங்கே பிரசாரம் முழுவதும் இலக்கத்தைச் சுற்றியே நடக்கும். 2018 முதல் நடைமுறையிலுள்ள உள்ளூராட்சித் தேர்தல் முறையில், 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானவர்கள் விகிதாசார அடிப்படையிலும் தெரிவாகிறார்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரும் இராது, படமும் இராது, விருப்பு இலக்கமும் இராது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவும் அதன் சின்னமும் மட்டுமே இருக்கும். டீச்சரை எவ்வளவுதான் மதிப்பவரானாலும், அவருடைய முகத்தையும் அந்தச் சின்னத்தையும் மனத்தில் ஒன்றாகச் சேர்த்துவைக்காதவரின் வாக்கு அவருக்கு வந்து சேராது. ஆகவே படம், சின்னம், வாசலில் வந்து நிற்கும் ஆள் ஆகிய மூன்றும் ஒன்றே என்று வாக்காளர் பார்த்தவுடன் அறிய வேண்டும். எங்கள் இணையத்தளம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

படம் எடுப்பதற்கு, டீச்சரின் பழைய மாணவரும் பத்திரிகைப் படப்பிடிப்பாளராக இருந்தவருமான ஒருவர் வந்தார். எங்கே எடுப்பது என்பதில் முதல் விவாதம். விவேகானந்தா சபைக் கட்டடத்தின் முன்னால் எடுக்கலாம் என்றார் ஒருவர். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் முகப்பு பின்னால் தெரிந்தால் கத்தோலிக்க மக்களுக்குப் பிடிக்கும் என்றார் இன்னொருவர். எங்கள் வட்டாரத்தில் சைவர்களும் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் ஒரே குறுக்குத் தெருவில் சுவரோடு சுவராக வாழ்கிறார்கள். ஓர் ஆலயத்தைப் பின்னணியாகக் கொண்டால், அதற்கு வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை உள்ளே நிற்பவர்களைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். அது வெறும் கணக்கு. டீச்சர் கணக்குக்குப் போகவில்லை, வழிபாட்டிடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் அவர் வசிக்கும் ஒழுங்கையின் சாம்பல் நிறச் சுவரே பின்னணியாயிற்று.

கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலில் எடுத்தால் கண்குழிகளில் கருநிழல் விழும், நெற்றியும் மூக்கும் வியர்வையில் மினுங்கும். ஆகவே காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஒரு பக்கமாக முகத்தில் மெதுவாக விழுந்தது. படப்பிடிப்பாளர் 85 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, இரண்டு மீற்றர் தள்ளி, கமராவை டீச்சரின் கண்மட்டத்தில் பிடித்தார். கைத்தொலைபேசியால் கிட்ட நின்று எடுக்கும்போது மூக்கு பெருத்தும் காதுகள் ஒடுங்கியும் தெரிவதற்கு வில்லை காரணமன்று, நாம் நெருங்கி நிற்பதே காரணம் என்று அவர் விளக்கினார். நல்ல கமரா கிடைக்காதவர்கள் கைத்தொலைபேசியையே பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கும் வில்லை இருந்தால் அதைத் தெரிவுசெய்து எடுக்க வேண்டும்.

சேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டார் விரும்பிய காஞ்சிபுரம் பட்டு, வெளிச்சத்தை வாங்கி முகத்தைவிடப் பிரகாசமாக மினுங்கியது. வெள்ளைப் பருத்திச் சேலையில் மடிப்புகள் மறைந்து, கழுத்துக்குக் கீழே ஒரு வெண்பரப்பு மட்டுமே தெரிந்தது. நெருக்கமான சிறு கட்டம் போட்ட சேலை திரையில் சிறிதாகும்போது அலையலையாகக் கண்ணைக் கூசச் செய்தது. மெல்லிய கரை வைத்த சாம்பல் நீலப் பருத்திச் சேலையே பொருத்தமாக அமைந்தது. அது அவர் பாடசாலைக்கு உடுத்திவந்த சேலை என்பதையும் பிறகு அறிந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தெருவில் அவரைக் கண்ணாடியோடுதான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் கழற்றவில்லை. கண்ணாடியில் சுவரின் பிரதிபலிப்பு விழுந்ததற்கு, காதுக்கு மேலிருக்கும் தண்டைச் சற்றே உயர்த்தி, கண்ணாடியின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தவுடன் அது மறைந்தது. அந்த ஒரு சிறு கைவேலை ஒரு மணி நேரக் கணினித் திருத்தத்தை மிச்சப்படுத்தியது.

நூற்று நாற்பது படங்களிலிருந்து மூன்றைப் பிரித்தெடுத்தோம். ஒன்றில் பல் தெரியச் சிரிக்கிறார். ஒன்றில் கைகளைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்க்கிறார். மூன்றாவதில், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல் தலை இலேசாகச் சாய்ந்து, உதட்டோரம் மட்டும் புன்னகை இருக்கிறது. இணையத்தளத்தை வடிவமைத்த இளைஞருக்குக் கைகட்டிய படமே பிடித்தது, அதில் தலைமைத்துவம் தெரிகிறதாம். எனக்கும் அப்போது அதுவே சரியென்று பட்டது. ஆனால் எங்கள் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, மூன்று படங்களையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக்கொண்டு, வட்டாரத்தில் இருபது பேரிடம் காட்டினோம். மரக்கறிக் கடைக்காரர், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நின்றவர்கள், குழாயடிக்கு வந்த பெண்கள், தையற்கடை வைத்திருக்கும் ஒரு சிங்கள அம்மா ஆகியோர் அவர்களில் அடக்கம். "எந்தப் படம் அழகு?" என்று கேட்டால் மக்கள் நம்மைச் சந்தோஷப்படுத்தப் பதில் சொல்வார்கள். "வீட்டுக்கு முன்னால் கான் அடைத்துக்கொண்டால் இந்த மூவரில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" என்று கேட்டோம். ஒரே ஆளின் மூன்று படங்கள் என்பதைக் கவனியாமலே பலர் பதில் சொன்னார்கள். கைகட்டிய படத்தைப் பார்த்தவர்கள், ஏசுவார் போலிருக்கிறது என்றார்கள். பல் தெரியும் படம் பற்பசை விளம்பரம் போலிருக்கிறது என்றார் முச்சக்கரவண்டிச் சாரதி. இருபதில் பதின்மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தையே காட்டினார்கள். எங்கள் கண் பழகிப்போன கண் என்பதை அன்று நான் முழுமையாக உணர்ந்தேன். இவ்வளவு சிறிய விசாரிப்பைக்கூடச் செய்யாமல் படத்தைத் தீர்மானிப்பது, வாக்காளருக்காக அன்றி நமக்காகப் படம் எடுப்பதாகும்.

திருத்தம் செய்யும்போது ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினோம்: ஒரு கிழமையில் மறையக்கூடியதை அகற்றலாம், ஆளோடு இருப்பதைத் தொடக்கூடாது. அன்று முளைத்திருந்த பருவும் சேலையில் ஒட்டியிருந்த நூலும் போயின. மச்சமும் சுருக்கமும் முன்நரையும் நின்றன. நிறத்தைத் தொடவில்லை. இதை நான் வெறும் தொழில் நுணுக்கமாகக் கருதவில்லை. எங்கள் ஒழுங்கைகளில் வாழ்பவர்களில் மிகப் பலர் கறுத்தவர்கள், மாநிறத்தவர்கள். அவர்களிடம் வாக்குக் கேட்டு வருபவர் தன் தோலின் நிறத்தை மறைத்துக்கொண்டு வந்தால், அந்த நிறம் மறைக்க வேண்டிய ஒன்று என்று அவர்களுக்கே சொல்வதாகிவிடும். 2023இல் அந்தப் படம் அச்சேறியபோது நானும் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

தெரிவான படத்தை உடனே போட்டோ கொப்பி இயந்திரத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தோம். தேர்தல் காலத்தில் பொது இடங்களில் சுவரொட்டி ஒட்டுவது சட்டப்படி தடை. ஆகவே வேட்பாளரின் முகம் சுவரில் அன்றி, துண்டுப்பிரசுரத்திலும் கைத்தொலைபேசித் திரையிலுமே வாழ்கிறது. துண்டுப்பிரசுரம் தீர்ந்துபோனால் ஆதரவாளர்கள் மூலைக்கடையில் பிரதியெடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பிரதியில் முகம் கரிக்கட்டையாகிவிடக் கூடாது. பின்னணிச் சுவரைச் சற்று வெளிறச் செய்தவுடன் தலையின் விளிம்பு தெளிவாகப் பிரிந்தது. அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதையும், பிரதியெடுப்பில் அந்த வரி வெட்டுப்பட்டுவிடாதபடி ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் அச்சகத்தில் இருந்த காலத்திலேயே கற்றிருந்தேன்.

இணையத்தளத்துக்கு வருகிறேன். இளைஞர் முதலில் காட்டிய மாதிரி வேற்று நாட்டு வேட்பாளர்களுக்கென்று விற்கப்படும் ஓர் ஆயத்த வடிவம். முழுத்திரையில் ஐந்து படங்கள் மாறிமாறி ஓடும். அதன் கீழே நோக்கு, பணிக்கூற்று என்று இரண்டு பெட்டிகள். அதற்கும் கீழே நன்கொடைப் பொத்தான். டீச்சரின் கைத்தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடிக்க எட்டு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. முதற்பக்கத்தின் எடை ஏறக்குறைய ஏழு மெகாபைட். வெள்ளவத்தையில் இளைஞரின் அலுவலகத்தில், கம்பி இணைப்பில், அது ஒரு கணத்தில் திறந்தது. எங்கள் ஒழுங்கையில், மீள்நிரப்பு டேட்டாவில், ஒரு பழைய கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தபோது வெள்ளைத் திரை நெடுநேரம் நின்றது. அருகில் இருந்த பெண் பொறுமையிழந்து மூடிவிட்டார். வடிவமைப்பாளர் காட்டும் மாதிரியை அவருடைய மேசையில் வைத்து ஒருபோதும் அங்கீகரிக்க வேண்டாம். வாக்காளர் நிற்கும் இடத்தில், வாக்காளர் வைத்திருக்கும் கருவியில் திறந்து பார்த்தபின்பே தலையசைக்க வேண்டும்.

ஓடும் படங்களை நீக்கி, ஒரே படத்தை 150 கிலோபைட்டுக்குள் சுருக்கினோம். தள்ளாமலே தெரியும் முதல் திரையில் முகம், பெயர், சின்னம், வட்டாரத்தின் பெயர், அழைக்கும் பொத்தான் ஆகிய ஐந்தும் வந்தன. அடுத்து, டீச்சர் எடுத்துக்கொண்ட மூன்று விடயங்கள்: மழைக்கு நிரம்பும் கான்கள், குப்பை எடுக்கும் நாட்கள், பாடசாலை விடும் நேரத்துப் பாதசாரிக் கடவை. ஒவ்வொன்றிலும் ஒழுங்கைகளின் பெயர்களையே எழுதினோம். "சுத்தமான நகரம்" என்று எழுதுவதற்கும், மழைநீர் எந்த ஒழுங்கையில் எந்தப் படிவரை ஏறுகிறது என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசிப்பவர் உடனே கண்டுகொள்கிறார். அதன்பின் அவருடைய 31 ஆண்டு ஆசிரியப் பணி, நான்கே வரிகளில். கடைசியாக, அந்த வட்டாரத்துக்குள் அடங்கும் தெருக்களின் பட்டியல். இந்தப் பட்டியலைச் சேர்த்தது மேலதிக வேலையாகத் தோன்றினாலும், தாம் எந்த வட்டாரம் என்பதே பலருக்குத் தெரியாதிருந்ததால், அதிகம் பார்க்கப்பட்ட பகுதி அதுவாகவே இருந்தது.

நிறம் தெரிவுசெய்தது எதிர்பாராத தலைவலியாயிற்று. பச்சை, நீலம், சிவப்பு, அரக்கு என எந்தப் பெரிய நிறத்தைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு கட்சியை நினைவூட்டியது. ஒரு சுயேச்சை வேட்பாளர் மறைமுகமாக இன்னாருடைய ஆள் என்ற பேச்சு எழ அதுவே போதும். மாம்பழ மஞ்சளைத் தெரிவுசெய்து, அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தபோது ஒன்றும் வாசிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டிகளின் அளவு. மஞ்சளின்மேல் கறுப்பு எழுத்து அதனை எளிதாகத் தாண்டுகிறது. பொத்தான்களுக்கு மட்டும் மஞ்சள், மற்றெல்லாம் வெள்ளைமேல் கறுப்பு என்று முடித்தோம். வெளியே வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் அது தெரிந்தது.

எனக்கு மிகவும் மனம் நொந்த இடம் தமிழ் எழுத்து. இளைஞருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் நாங்கள் அச்சகத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த வாசகங்களை அவர் அப்படியே ஒட்ட, பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் சிதறிக் கிடந்தன. அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு அவர் ஒரு பதாகைப் படத்தைச் செய்து அனுப்பினார். அதில் "கொழும்பு" என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் கழன்று, ககரத்துக்குப் பின்னால் காலோடு சேர்ந்து நின்றது. தமிழ் எழுத்துகளைச் சேர்த்தமைக்கும் அமைப்பு அந்த மென்பொருளில் இயக்கப்படாவிட்டால் இப்படித்தான் உடையும். அரச காரியாலயங்களின் பெயர்ப்பலகைகளிலும் பேருந்துகளிலும் உடைந்த தமிழைப் பார்த்துப் பார்த்து வருந்தும் மக்களிடம், தமிழ் வேட்பாளர் ஒருவரே உடைந்த தமிழோடு போவதா? அன்றிலிருந்து படத்துக்குள் எழுத்தே வேண்டாம், எழுத்தெல்லாம் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். அதனால் பக்கத்தின் எடையும் குறைந்தது, தேடுபொறிக்கும் பெயர் கிடைத்தது.

தமிழுக்கு வேறு சில கவனிப்புகளும் தேவைப்படுகின்றன. மிகத் தடித்த எழுத்தைச் சிறிய அளவில் வைத்தால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரமாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு ஏற்ற வரி இடைவெளியில் மேல்வரியின் உகரக் கீழ்வளைவும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்ளும். "கொட்டாஞ்சேனைவாசிகளுக்கு" என்ற ஒரு சொல் சிறிய திரையில் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. அதனை "கொட்டாஞ்சேனை மக்களுக்கு" என்று பிரித்தெழுதினோம். "தொடர்புகொள்ளுங்கள்" பொத்தானுக்குள் அடங்கவில்லை, "அழையுங்கள்" அடங்கியது. எழுத்தைச் சுருக்கிப் பெட்டிக்குள் திணிப்பதைவிடச் சொல்லை மாற்றுவதே நல்லது.

சிங்களப் பக்கத்தை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை. டீச்சரோடு கற்பித்த சிங்கள ஆசிரியை ஒருவர், டீச்சரிடம் விடயங்களைக் கேட்டறிந்து தம் நடையில் எழுதித் தந்தார். டீச்சரின் பெயரை எப்படி எழுதுவது என்பதில் அவரே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். தமிழில் ஒரே ககரம் இரண்டு ஒலிகளுக்கு நிற்கும், சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. வடிவமைப்பாளர் எழுதிய வடிவம் அடையாள அட்டையில் இருந்த வடிவத்தோடு பொருந்தவில்லை. மூன்று மொழிகளிலும் பெயர், வேட்புமனுவில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மொழி மாற்றும் பொத்தான்களில் கொடிகளையோ சுருக்கங்களையோ வைக்காமல், ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே வைத்தோம். துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பக்கத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீடு தமிழ்ப் பக்கத்தையும், சிங்களப் பக்கத்துக் குறியீடு சிங்களப் பக்கத்தையும் நேராகத் திறந்தன.

சின்னத்துக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தோம். சுயேச்சைக் குழுவுக்குச் சின்னமும் குழு இலக்கமும் வேட்புமனு ஏற்கப்பட்ட பின்னரே உறுதியாகும். வேட்புமனுக் காலம் மார்ச் 20ஆம் திகதி நண்பகலோடு முடிந்தது. அன்று கிடைத்த சின்னம் வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருள். அன்றிரவே அது டீச்சரின் தோளுக்குப் பக்கத்தில், முகத்துக்குச் சமமான உயரத்தில், பக்கத்தில் ஏறியது. எந்தச் சின்னம் வந்தாலும் பொருந்தும்படி சதுர இடம் ஒன்றை முன்பே ஒதுக்கியிராவிட்டால் முழு வடிவத்தையும் கலைத்திருக்க வேண்டும்.

இணையத்தளத்தை நேரே தேடி வந்தவர்கள் சிலரே. பெரும்பாலானோர் வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டே வந்தார்கள். ஆகவே இணைப்போடு தோன்றும் முன்னோட்டப் படமே எங்கள் உண்மையான முகப்பு. முதல் நாள் அனுப்பியபோது அதில் டீச்சரின் நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன, வாயும் சின்னமும் வெட்டுப்பட்டிருந்தன. 1200க்கு 630 பிக்சல் அளவில், முகமும் சின்னமும் நடுவில் அருகருகே வருமாறு தனியாக ஒரு படம் செய்து சரிசெய்தோம். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படுவதால், அதற்கும் தலைக்கு மேலும் தோள்களுக்கு அருகிலும் இடம் விட்ட ஒரு பிரதி தேவை. மூலப்படத்தை ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நசுங்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். அச்சகத்துக்கு நசுங்கிய பிரதி போய், முதல் ஆயிரம் தாள்களில் முகம் மங்கலாக வந்தது எங்களுக்கு நேர்ந்த நட்டம்.

கணக்கையும் முதல்நாளிலிருந்தே எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவு அறிக்கையைக் கையளிக்க வேண்டும். வடிவமைப்புக் கூலி, தளம் வைக்கும் கட்டணம், பேஸ்புக் விளம்பரம் ஆகிய யாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டோம். படப்பிடிப்பாளர் பணம் வாங்க மறுத்ததால், அவருடைய உழைப்பை நன்கொடையாகக் குறித்து, அவரிடமே கையெழுத்தும் வாங்கினோம். இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் படிவம் ஒன்று வைக்க வேண்டும் என்று இளைஞர் கேட்டார். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் கேட்கும் படிவம் அது. ஒழுங்கையின் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும் என்று குறைத்தோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பித் தந்த எண்ணைக் காப்பது தந்தவருக்கு நாம் பட்ட கடன்.

மே 3ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. அதற்கு முன்பே கட்டண விளம்பரங்களை நிறுத்தி, இணையத்தளத்தில் புதிதாக எதையும் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்து, கடவுச்சொல்லை டீச்சரிடம் கையளித்தேன். மே 6ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது. டீச்சர் தெரிவாகவில்லை. ஆயினும் வீடு வீடாகப் போன கடைசி இரு வாரங்களில், தாளையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து யாரும் தடுமாறவில்லை. மூன்றாம் மாடி அம்மாவிடம் புதிய தாளைக் கொடுத்தபோது, அவர் படத்தின் மச்சத்தில் விரலை வைத்து, நிமிர்ந்து டீச்சரின் கன்னத்தைப் பார்த்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

செலவு அறிக்கையைக் கையளித்த பின், படிவத்தில் வந்த தொலைபேசி எண்களை அழித்தோம். இணையத்தளத்தை மட்டும் மூடவில்லை. 2023இல் டீச்சருக்காக எடுத்த முகவரி அப்போதைய வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகி, தேர்தல் நின்றதும் புதுப்பிக்கப்படாமல் கைநழுவிப் போயிருந்தது. இம்முறை டொட் எல்கே முகவரியை டீச்சரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலுமே பதிந்தோம். கான் அடைத்துக்கொண்டால் இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து அழைக்கிறார்கள், அவரும் மாநகர சபைக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய திகதி, அவருடைய சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது.